முந்நூறு கிராம்

பகலில் இந்தத் தராசில் மீன் நிறுப்பேன்,
அரோயோ கடற்கரைக் கடையில்.
இரவில் ஒரு காரை நிறுக்கிறேன்
கழற்றிக் கழற்றி, துண்டு துண்டாக.

எழுபத்தொன்றாம் வருடத்து கொரோலா. மோர் நிறம்.
பத்தீயாஸில் தையல் மெஷின் விற்ற ஒருவர்
முப்பது வருடம் ஓட்டியது.
மூன்றாம் கியரில் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாத வண்டி.
சாம்பல் கிண்ணத்தில் பதினொரு பொத்தான்கள் கிடந்தன.
"இதுவும் எடையா?" என்றான் எலியேசர்.
நிறுத்தோம். ஒன்பது கிராம்.
எடுத்துவிட்டோம்.

பின் இருக்கை, பதினான்கு கிலோ.
ஸ்டெப்னியும் ஜாக்கியும் பதினாறு.
கண்ணாடி ஏற்றும் பல்சக்கரங்கள், தரைவிரிப்பு,
அதற்கடியில் பாறையாய் இறுகிய தார்.
விமானமேறும் நண்டுகளுக்கு வைத்திருந்த உலர்பனியைத்
திருடி வந்து தாரின்மேல் கொட்டினேன்.
சுத்தியலால் தட்டத் தட்ட அப்பளம்போல் நொறுங்கியது.
பழைய எஞ்சினுக்கு மட்டும் என் தராசு போதவில்லை.
சங்கிலியில் தொங்கியதைப் பார்த்து
நெரெய்டா சொன்னாள்:
"என் அண்ணன் எடை. வேலையும் அவ்வளவுதான்."

காலியான குழியில் மாஸ்டாவின் ரோட்டரி.
அதற்குள் எதுவும் ஏறி இறங்குவதில்லை.
முக்கோணம் ஒன்று
தனக்கு மூன்று மூலை இருப்பதை மறந்து சுழலும்.
எலியேசர் பள்ளிக்கூடத்து பஸ் மெக்கானிக்.
பஸ்ஸில் காட்ட முடியாததையெல்லாம்
டர்போவில் காட்டினான்.
முதல் தடவை உறுமியபோது
மூன்று தெரு நாய்கள் வாயடைத்தன.
இரவுப்பணி முடித்துக் கண்ணயர்ந்த நர்ஸ் ப்ரிஹிதா
ஜன்னல் திறந்து எங்கள் ஏழு தலைமுறையையும் வைதுவிட்டு,
"எத்தனை குதிரை?" என்றாள்.

ஹாரனில் கை வைத்தேன்.
"அது இருக்கட்டும்," என்றாள் நெரெய்டா.
"முந்நூறு கிராம்."
அவள் குனிந்து
தன் ஷூக்களைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.
நானூற்றுப் பத்து.
பேச்சு முடிந்தது.

பந்தயத்தில் எதிரே பயமோனிலிருந்து வந்த
சிவப்பு டாட்சன்.
மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.
பச்சை.
மோர் நிறம் மூக்கைத் தூக்கியது;
முன்சக்கரங்கள் இரண்டுக்கும் தரை மறந்துபோனது.
நூறு மைலுக்கு மேல் எண் எழுத
அந்த வேகமானிக்காரனுக்குத் தோன்றவில்லை.
முள் நூறைத் தாண்டி
எண்ணில்லாத கறுப்பில் போய் முட்டிக்கொண்டு நின்றதாம்.

தாள் வந்தது.
எங்கள் ஓட்டம் பத்து புள்ளி நான்கு ஒன்று.
டாட்சன், பத்து புள்ளி நான்கு நான்கு.
ஆனால் கோட்டை முதலில் தொட்டது டாட்சன்.
ஓடியதில் நாங்கள் வேகம்,
கிளம்பியதில் தூக்கம்.
நான் நோட்டைப் புரட்டினேன்,
எலியேசர் கிளட்ச்சை முறைத்தான்.
வெறுங்காலோடு நின்றவள்
தார்மேல் விரலால் ஏதோ கிறுக்கிவிட்டுச் சொன்னாள்:
"பச்சை விழுந்ததும் ஹாரன் அடித்துவிட்டேன்."

ஒன்பது வருடமாக ரொட்டி வண்டி ஓட்டுகிறாள்.
மலைத் தெருக்களில் ஹாரன் அடித்தால்தான் கதவு திறக்கும்.
அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை,
அவளுக்கே கேட்கவில்லை,
கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும்.

திரும்பும் வழியில், பத்தீயாஸ் ஏற்றத்தில்,
நடுரோட்டில் ஓர் ஆடு.
இரண்டு தடவை அடித்தாள்.
ஆடு நகரவில்லை.
மேலே ஒரு விளக்கு எரிந்தது.
பனியனோடு ஒருவர், உள்ளங்கையில் சில்லறையை எண்ணிக்கொண்டே
படியிறங்கி வந்தார்.
ரொட்டி இல்லை என்றோம்.
வண்டியை ஒரு சுற்று சுற்றினார்,
பின் இருக்கை இருந்த இடத்தில் எட்டிப் பார்த்தார்.
"தையல் மெஷின்காரன் வண்டியாச்சே இது.
வேகமாகப் போகுமோ?"

நெரெய்டா ஆட்டைப் பார்த்தாள்.
"இன்றைக்கு இல்லை."